ஓசூர் சாலையில் ஏறிப்போன வழக்கு

2003 நவம்பர் 18 அன்று, சென்னைத் தனி நீதிமன்றத்தில் நடந்துவந்த ஒரு வழக்கை ஓசூர் எல்லைக்கு அப்பால், பெங்களூருக்கு அனுப்பியது உச்ச நீதிமன்றம். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. மாற்றக் கேட்டவர் தி.மு.க.வின் க. அன்பழகன்.

வழக்கை இடம்பெயர வைத்தது அரசு வழக்கறிஞரின் மௌனம். அ.தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், ஏற்கெனவே விசாரித்து முடித்த 76 சாட்சிகளைத் திரும்ப அழைத்தார்கள். பெரும்பாலானோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கக் கேட்டு மடக்கியிருக்க வேண்டிய அரசு வழக்கறிஞர் அதற்கு முனையவே இல்லை. குற்றம்சாட்டப்பட்டவரே முதல்வர்; அரசு வழக்கறிஞரோ அவர் அரசின் ஆள். பிறகு எங்கிருந்து மடக்குவது?

அரசு வழக்கறிஞரை யார் நியமிக்கிறார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1789ஆம் ஆண்டுச் சட்டம் 13 மத்திய மாவட்ட நீதிமன்றங்களை அமைத்து, மாவட்டத்துக்கு ஓர் அரசு வழக்கறிஞரையும் வைத்தது. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அங்கே மாநில நீதிமன்றங்கள் தனி. நம் ஊரில் அப்படி இரண்டு வரிசை கிடையாது. மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் ஏறுவது ஒரே படிக்கட்டு. ஆள்தான் மாறுவார்: சி.பி.ஐ. வழக்கென்றால் மத்திய அரசு நியமித்தவர், உள்ளூர் போலீஸ் வழக்கென்றால் மாநில அரசு நியமித்தவர்.

இந்த நியமனத்தில் கலெக்டரின் கையும் உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் பகுதி ஆங்கிலேயரிடம் கைமாறியதும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அதை ஆள வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. வரி வசூலிப்பவரே வழக்கும் கேட்ட காலம். பின்னாளில் நீதித்துறைக் கமிஷனுக்குத் தலைமையேற்ற மன்றோ, 1816இல் போலீஸையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கலெக்டரிடமே கொண்டுவந்து சேர்த்தார். அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கான பெயர்ப் பட்டியலை செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிப்பது மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர்தான் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தும் இது மாறவில்லை.

பெங்களூருக்குப் போன வழக்கில் அந்த வழி அடைபட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து கர்நாடக அரசே சிறப்பு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பி.வி. ஆச்சார்யா வந்தார். 2012இல் அவர் விலக, அடுத்த ஆண்டு பவானி சிங் வந்தார். 2014 செப்டம்பர் 27 அன்று, ஓசூர் சாலையிலிருந்து பிரிந்துபோகும் பரப்பன அக்ரஹாராவில், நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதமும் விதித்தார்.

வேடிக்கை அதன் பிறகுதான். அப்பீலில் பவானி சிங்கை நிறுத்தியது தமிழ்நாடு. தண்டனை பெற்றவரின் கட்சி ஆளும் அரசு, தண்டனையைக் காப்பாற்ற வக்கீல் வைக்கிறது! மறுபடியும் அன்பழகன் டெல்லிக்குப் போனார். 2015 ஏப்ரல் 27 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. அதற்குள் வாதங்கள் முடிந்திருந்தன. திரும்பி வந்த ஆச்சார்யாவுக்குக் கிடைத்தது எழுத்துமூல வாதம் தர ஒரே ஒரு நாள். மே 11இல் எல்லோரும் விடுதலை. அப்பீலுக்குப் போனதும் கர்நாடக அரசுதான். 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் டி'குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியபோது ஜெயலலிதா உயிரோடு இல்லை.

மறுநாள் சரணடைய, அவருடன் தண்டனை பெற்ற சசிகலா காரிலேயே பெங்களூர் போனார். 2021 பிப்ரவரி 8இல் அதே சாலையில் திரும்பியபோது, காரில் இருந்த அ.தி.மு.க. கொடிக்குப் போலீஸ் ஆட்சேபம் தெரிவிக்க, எல்லையில் வண்டி மாறினார். வரவேற்பு ஏற்பாட்டில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே பட்டாசு வைத்திருந்த கார்கள் தீப்பிடித்து எரிந்தன.

பறிமுதலான 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்க நகைகள் 2025 பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு முன்பே, வழக்கு நடத்திய செலவுக்கான பில்லைத் தமிழ்நாட்டின் பேரில் எழுதியிருந்தது கர்நாடகம்.

(தொடரும்)