பெரியாறு: ஒரு வனத்தின் திட்டமும் நிதியும்

கேரளத்தின் இடுக்கி, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் வரலாறு ஓர் அணையிலிருந்து தொடங்குகிறது. அந்த அணைக்காக 1886 இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் திருவிதாங்கூருக்குச் சேரும் என்பது ஏற்பாடு. 1895 இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்ததும், கிழக்கே திருப்பிவிடப்பட்ட நீர் கம்பம் பள்ளத்தாக்கை நஞ்சையாக்கியது. மேற்கே சுமார் 26 சதுர கிலோமீட்டர் ஏரி உருவானது. குத்தகைப் பணம் கஜானாவுக்குத்தான் போனது. ஏரியைச் சூழ்ந்த காட்டுக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை.

1899 இல் அந்தக் காடு பெரியாறு ஏரிக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. அவை ஏரிக்கரை வரை வந்துவிடாமல் தடுக்க, திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில், 1933 இல், எஸ்.சி.எச். ராபின்சன் முதல் வனவிலங்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே நெல்லிக்காம்பட்டி சரணாலயம் பிறந்தது. 1950 இல் பக்கத்துக் காடுகளும் இணைக்கப்பட்டு 777 சதுர கிலோமீட்டர் கொண்ட பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

இந்தியக் காடுகளில் நெடுங்காலம் திட்டம் என்றாலே ‘பணித் திட்டம்’தான்: எந்தக் கூப்பில் (வெட்டுப் பகுதியில்) எந்த ஆண்டு எத்தனை மரம் வெட்டுவது என்ற கணக்கு. மரம் விற்ற பணமே வனத்துறையின் வருமானம். விலங்குகளுக்காக ஒதுக்கிய காட்டில் அந்த வருமானம் இல்லை. ஆகவே அங்கே கோடரிக் கணக்குக்குப் பதிலாக, காவல், தீத்தடுப்பு, நீர்நிலை, வாழிடப் பராமரிப்பு ஆகியவற்றைச் சொல்லும் மேலாண்மைத் திட்டமும், அதற்கு வெளியிலிருந்து பணமும் தேவைப்பட்டன. 1973 இல் மத்திய அரசு ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய புலிகள் திட்டம் இரண்டையும் கொண்டுவந்தது. 1978 இல் பெரியாறு அதில் சேர்ந்தது. 1982 இல் அதன் மையப் பகுதியான 350 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக்கும் முதற்கட்ட அறிவிக்கை வெளியானது.

மத்திய நிதிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காப்பகம் ஆண்டுச் செயல்திட்டம் தயாரித்து மாநிலம் வழியாக அனுப்பும்; ஒப்புதலுக்குப் பின் தவணைகளாகப் பணம் வரும். காவலர் கூலி போன்ற தொடர் செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்றன. ஆனால் காட்டின் நாள்காட்டி வேறு. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளைச் சீவி முடித்தாக வேண்டும். பணம் பிந்தினால் பருவம் தவறிவிடும், வேட்டைத் தடுப்புக் காவலரின் கூலியும் நிலுவையில் நிற்கும். மறுபுறம், ஏரிக்கரையிலுள்ள தேக்கடியில் படகேறும் பயணிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் அரசின் பொதுக் கணக்கில் கரைந்தது.

1996 இல் தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. உலக வங்கிக் கடனும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் மானியமும் அரசுப் பங்கும் சேர்ந்து மொத்தம் சுமார் 6.7 கோடி டாலர். பெரியாறு உட்பட ஏழு காப்பகங்கள். காட்டோரக் குடியிருப்புகள் தோறும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவும் வனத்துறையோடு உட்கார்ந்து தனக்கான நுண்திட்டத்தை எழுதியது. எல்லா இடத்திலும் இது கைகூடவில்லை. அந்த ஏழில் ஒன்றான நாகரஹொளேயில் பழங்குடியினரின் உரிமைகள் புறக்கணிக்கப்படுவதாக 1998 இல் உலக வங்கியின் விசாரணைக் குழுவரை புகார் போனது.

பெரியாற்றில் மன்னான், பளியர் பழங்குடிகளின் மிளகுக் கொடிகள் வியாபாரிகளிடம் முன்பணத்துக்கு அடகாகிக் கிடந்தன. குழுக்கள் கடனை அடைத்து, மிளகை ஒன்றாகச் சேர்த்து விற்றன. காப்பகத்தையொட்டிய குமுளியில் காட்டு இலவங்கமான வயனா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திவந்த 23 பேரின் கதை இன்னும் பேசப்படுவது. வழக்குகளில் சிக்கியிருந்த அவர்கள் 1998 இல் தனிக் குழுவாகி, தாங்கள் அறிந்த கடத்தல் தடங்களிலேயே ரோந்து போனார்கள். ‘பெரியாறு டைகர் டிரெயில்’ என்ற நடைப்பயணத்துக்கு அவர்களே வழிகாட்டிகள்; பயணிகள் கட்டும் பணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம். காவல் செலவில் ஒரு பகுதியைக் காவலே ஈட்டியது.

திட்டம் 2004 இல் முடிந்தபோது, கடன் பணம் நின்றால் குழுக்கள் கலைந்துவிடுமே என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக அதே ஆண்டில் அரசுக்குச் சொந்தமான பொது அறக்கட்டளையாகப் பெரியாறு ஃபவுண்டேஷன் நிறுவப்பட்டது. பயணிகளிடம் வசூலிக்கும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணமும் சுற்றுலா வருவாயும் பொதுக் கணக்குக்குப் போகாமல் காப்பகத்திலேயே தங்கின. சூழலியலாளர், சமூகவியலாளர் போன்ற, வனத்துறையின் வழக்கமான பணியிடங்களில் இல்லாத நிபுணர்களை அமர்த்தவும் வழி பிறந்தது.

2006 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு காப்பகத்துக்கும் புலிகள் பாதுகாப்புத் திட்டம் வேண்டும் என்பதோடு, இத்தகைய அறக்கட்டளையும் வேண்டும் என்றானது. முதுமலை, ஆனைமலை போன்ற தமிழகக் காப்பகங்களின் அறக்கட்டளைகளும் இப்படி வந்தவையே. 2007 இல் ரான்னி வனக் கோட்டத்தின் 148 சதுர கிலோமீட்டர் சேர, பெரியாற்றின் பரப்பு 925 சதுர கிலோமீட்டராயிற்று.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2018 வெள்ளத்திலும் 2020 கொரோனா முடக்கத்திலும் தேக்கடிக்குப் பயணிகள் வரவில்லை. கட்டண வருவாய் நின்றாலும் ரோந்து நிற்க முடியாது. அதனால் அறக்கட்டளைப் பணம் அரசு நிதிக்கு மாற்றாகாது. சம்பளமும் காவலும் அரசின் பொறுப்பாக இருக்க, தவணைகளுக்கு இடையிலான காலத்தையும் காட்டோர மக்களின் பங்கையும் அறக்கட்டளை தாங்குவதே பெரியாற்றில் உருவான நடைமுறை.