முகக்கவசத்துக்கு முன்னால் ஒரு வேப்பிலைக் கொத்து

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'கராந்த்' என்றால் நாற்பது என்பது அங்கே முதல் பாடங்களில் ஒன்று. தொற்று பரவாமல் தனித்து வைப்பதைக் குறிக்கும் 'குவாரண்டைன்' என்ற சொல்லும் அந்த நாற்பதிலிருந்துதான் வந்தது. கொள்ளை நோய்க் காலத்தில் வெனிஸ்காரர்கள் கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள்.

நம் ஊரில் அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை, ஒரு வேப்பிலைக் கொத்து போதும். வாசலில் அது தொங்கினால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். யாரும் வீட்டுக்குள் போகமாட்டார்கள், அந்த வீட்டாரும் விசேஷங்களுக்கு வரமாட்டார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னம்மை மூச்சுக்காற்றாலும் பரவும் வைரஸ் நோய். வேப்பிலை வைரஸைத் தடுத்ததோ இல்லையோ, ஆட்களைத் தடுத்தது.

முகக்கவசத்தின் கதை வேறு. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அது பாக்டீரியா நோய்தான், ஆனால் இருமலில் பரவியது. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே, பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்து முகக்கவசம் செய்து எல்லோரையும் அணியச் சொன்னார். அங்கு வந்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தவர், சில நாட்களிலேயே அதே நோயில் இறந்தார். அதன் பிறகு ஹார்பின் நகரத்தில் முகக்கவசம் இல்லாதவரைக் காண்பது அரிதாயிற்று.

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்து, ரயில் போன இடமெல்லாம் போயிற்று. செப்டம்பர், அக்டோபரில் வந்த இரண்டாம் அலைதான் கொடியது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்துப் பஞ்சம் வேறு. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் மொத்த எண்ணிக்கையே 1911ஐ விடக் குறைந்திருந்தது.

2020இல் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, அதை மூடிவிட்டுக் காய்கறிக் கடைகளைத் திருமழிசையில் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். முதலில் கை கழுவுவதையே பெரிதாகச் சொன்னார்கள். அடைத்த அறையின் காற்றுதான் பெரிய ஆபத்து என்பது பிறகே அழுத்தமாகச் சொல்லப்பட்டது.

விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்பது விதி. வெடி விபத்துக்காக வைத்த விதி அது. கூட்டத்தைக் குறைத்தால் சேதமும் குறையும் என்ற கணக்கு, மருந்துக்கும் கிருமிக்கும் ஒன்றுதான்.

ஆனால் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருங்கள் என்று சொல்வது, மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய என்னைப் போன்றவனுக்கு எளிது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. அதனால் இருமிக்கொண்டே வேலைக்கு வருகிறாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்ச்சல் நாளுக்குப் பாதிக் கூலியாவது கிடைத்தால், எந்த முகக்கவசத்தையும் விட அது அதிகம் பேரைக் காப்பாற்றும்.

அதுவரை நம்மால் முடிந்தது இவ்வளவுதான்: இருமும்போது துண்டால் வாயை மூடுவோம், ஜன்னலைத் திறந்து வைப்போம், சளி பிடித்திருக்கும்போது பேரக்குழந்தையைக் கொஞ்சாமல் இரண்டு நாள் தள்ளி இருப்போம்.