பெயர் நிலைத்தது

பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பது கதை எழுதுகிறவர்களுக்கு ஓயாத தொல்லை. விஞ்ஞானிகளுக்கும் அந்தத் தொல்லை உண்டு. அப்படி ஒரு பெயர் பிறந்த சரித்திரம் ஒரு நாவலுக்கு உரிய விஷயமாகவே எனக்குப் படுகிறது. பெயர் மட்டும் சற்று வாயில் நுழையாதது: எண்டோபிளாஸ்மிக் ரெடிகுலம்.

நம் உடம்பிலுள்ள பெரும்பாலான உயிரணுக்களுக்குள் மெல்லிய சவ்வினாலான குழாய்களும் பைகளும் ஒன்றோடொன்று இணைந்து வலைபோல் பரவியிருக்கின்றன. உயிரணு வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் இந்த வலையில்தான் மடிந்து உருப்பெறுகின்றன. சாப்பிட்ட சோற்றைச் செரிக்கவைக்கும் கணையச் சாறும், இரத்தத்தில் கலக்கும் இன்சுலினும் இந்த வழியாகப் புறப்பட்டவையே.

1897-ல் பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் கார்னியே, சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே, சுரப்பி உயிரணுக்களில் சாயம் அழுத்தமாகப் பிடித்த ஒரு பகுதியைக் கண்டார். சுரக்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று எண்ணி, உழைக்கும் பொருள் என்று அர்த்தப்படும்படி ‘எர்காஸ்டோபிளாசம்’ என்று பெயரிட்டார். அதை நாளடைவில் உலகம் மறந்தது.

பிறகு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. ஆனால் எலெக்ட்ரான்கள் தடித்த பொருளை ஊடுருவமாட்டா. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த கீத் போர்ட்டர், கோழிக் கருவின் உயிரணுக்களை மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டின்மேல் வளர்த்தார். தோசைமாவைப்போல் அவை பரந்து, ஓரங்களில் மெலிந்தன. 1945-ல் ஆல்பெர்ட் கிளாட், எர்னெஸ்ட் புல்லம் ஆகியோருடன் அவர் வெளியிட்ட படத்தில் லேஸ் பின்னல்போல் ஒரு வலை தெரிந்தது. 1953-ல் போர்ட்டர் அதற்குப் பெயர் சூட்டினார். ரெடிகுலம் என்றால் லத்தீனில் சிறு வலை. உயிரணுவின் உட்பகுதியில் மட்டும் அது இருப்பதாகத் தோன்றியதால் முன்னால் ‘எண்டோபிளாஸ்மிக்’ சேர்ந்தது.

ருமேனியாவிலிருந்து 1946-ல் அமெரிக்கா வந்த ஜார்ஜ் பலாடே, அந்தச் சவ்வின்மேல் ஒட்டியிருந்த சிறு மணிகளை 1955-ல் விவரித்தார். புரதம் தயாராகும் அந்த மணிகளை இன்று ரைபோசோம் என்கிறோம். 1960-களில் அவரும் ஜேமிசனும் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தைக் கொடுத்து, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தார்கள். அடையாளமிட்ட நோட்டைக் கொண்டு திருடனைத் துப்பறிவதுபோலத்தான். புதுப் புரதம் முதலில் வலைக்குள் புகுந்து, பிறகு கோல்கி என்ற அடுக்குப் பைகளைத் தாண்டி, உருண்டைகளில் அடைபட்டு வெளியேறியது.

1974-ல் நோபல் பரிசு கிளாட், டி டூவ், பலாடே மூவருக்கும் கிடைத்தது. போர்ட்டருக்கு இல்லை. ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பங்கிடக்கூடாதென்பது விதி. லைசோசோமைக் கண்ட டி டூவின் தகுதியும் குறைந்ததல்ல. ஆனாலும் வலையை முதலில் படத்தில் காட்டியவர்களில் ஒருவரும், அதற்குப் பெயரிட்டவருமான மனிதர் மேடைக்குக் கீழே நின்றது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

1997-ல் போர்ட்டர் காலமானார். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அந்த வலை உட்பகுதியோடு நிற்பதில்லை, உயிரணுவின் ஓரம்வரை போகிறது என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, அவர் வைத்த பெயர் அர்த்தத்தில் பொருந்தவில்லை. கார்னியே வைத்ததோ அந்த வலை செய்யும் வேலையையே சொன்ன பெயர். பொருந்திய பெயர் பழைய ஏடுகளில் ஒதுங்கிவிட்டது. பொருந்தாத பெயரைப் பள்ளிப்பிள்ளைகள் இன்றும் உருப்போடுகிறார்கள்.