மாதுங்கா வீதிகள் பிறந்த வரலாறு

நம் காலனியின் கோவிலைப் பற்றியும், பள்ளிகளைப் பற்றியும், காபி ஹோட்டல்களைப் பற்றியும் முந்தைய ஆண்டு மலர்களில் பலரும் சுவைபட எழுதியுள்ளனர். ஆயின் இவை யாவும் எழுந்து நிற்கும் வீதிகளைப் பற்றி எவரும் எழுதக் காணோம். அகன்ற சாலை, இரு மருங்கிலும் நிழல் மரம், குழாயில் குடிநீர், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்னும் இவ்வசதிகளுக்குப் பின்னால் அறுபது, எழுபது ஆண்டுப் பூசல் ஒன்று உண்டு. வீதி ஒருவர் கையிலும், நீரும் சாக்கடையும் வேறொருவர் கையிலும் இருந்தமையால் எழுந்த பூசல் அது.

முதலில் நீரைச் சொல்வோம். பம்பாய் நகருக்குக் குழாய்வழிக் குடிநீர் வந்தது 1860இல், விஹார் ஏரியிலிருந்து. அதற்கு முன் கிணறும் குளமுமே கதி. விஹார் போதாமற் போகவே 1879இல் துளசி ஏரியும், 1892இல் தாணா மாவட்டத்துத் தான்சா ஏரியும் சேர்ந்தன. நீர் வந்ததே ஒழிய, செலவுக்குக் கணக்குக் கேட்பார் எவருமில்லை. 1865இல் முனிசிபல் கமிஷனராக அமர்ந்த ஆர்தர் கிராபோர்டு ஊக்கம் மிக்கவர். அவர் பெயரால் வழங்கிய பெரிய சந்தையை நாம் அறிவோம். சந்தையும் சாலையும் எழுந்த வேகத்தில் கடனும் எழுந்தது. வரி செலுத்துவோர் கொதித்தனர்.

1871இல் நடந்த கூட்டமொன்றில் இருபத்தாறு வயது பாரிஸ்டர் ஒருவர் எழுந்து கிராபோர்டின் பணியைப் பாராட்டினார்! குற்றம் ஆளிடத்தில் இல்லை, அமைப்பில் உள்ளது என்பதும், வரி கொடுப்போரே தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அவர் வாதம். அவர்தாம் பிரோஸ்ஷா மேத்தா. கூட்டத்தார்க்கு அவர் பேச்சு உவப்பாக இராது. எனினும் மறு ஆண்டே, 1872இல், 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சி சட்டமாயிற்று. அவருள் பாதிப் பேர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போரிபந்தர் நிலையத்தை விட்டு வெளியே வருவோர் மாநகராட்சிக் கட்டடத்தின் முன் நாள்தோறும் காணும் சிலை அவருடையதே. நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்!

அடுத்து வந்தது பிளேக். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் இந்நோயை முதலில் இனங்கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். அவரும் மாநகராட்சி உறுப்பினரே. மக்கள் ரயிலேறியும் படகேறியும் ஊரைவிட்டு ஓடினர். 1891 கணக்கில் 8,21,764 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. வளரும் துறைமுக நகரமொன்றின் மக்கள்தொகை பத்தாண்டில் குறைவது சாதாரணச் செய்தியன்று.

காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோய்க்கு வித்து என்று அக்காலத்தார் எண்ணினர். எலியும் அதன் தெள்ளும் நோயைப் பரப்பும் முறை அப்போது தெளிவாகவில்லை. நெருக்கத்தை உடைக்க 1898இல் அரசு தோற்றுவித்ததுதான் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட். மாநகராட்சி இருக்கையில் மற்றொரு ஸ்தாபனம் எதற்கு? தேர்ந்தெடுக்கப்பட்ட சபை விரைந்து செயலாற்றாது, நிலச் சொந்தக்காரர்களின் சொல்லுக்கு அஞ்சும் என்பது அரசின் எண்ணம். டிரஸ்டிகள் பதினால்வருள் மாநகராட்சி அனுப்பியவர் நால்வரே. ஏனையோர் அரசின் அதிகாரிகள், அரசின் நியமனத்தார், துறைமுகத்தார், வணிகர், ஆலை முதலாளிகள். ஆயினும் டிரஸ்டின் செலவுக்கு மாநகராட்சி ஆண்டுதோறும் பணம் தந்தாக வேண்டும். டிரஸ்ட் போட்டு முடித்த வீதிகளைப் பிற்பாடு ஏற்றுப் பேணவும் வேண்டும். பணம் கொடுப்பவர் ஒருவர், திட்டம் வகுப்பவர் மற்றொருவர். ஓர் ஆபீசில் இரண்டு தலைமைக் குமாஸ்தாக்கள் இருந்தால் என்னவாகும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

டிரஸ்ட் செய்தவை சிறியன அல்ல. கடற்காற்று நகருக்குள் புகுமாறு பிரின்சஸ் வீதியையும் சாண்டர்ஸ்டு சாலையையும் வெட்டிற்று. வெட்டிய இடத்தில் இருந்தவை வீடுகள். அவற்றில் இருந்தோர் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும். டிரஸ்ட் தன் முதல் இருபது ஆண்டுகளில் இடித்த குடியிருப்புகள் அது கட்டித் தந்தவற்றினும் அதிகம். வீடிழந்தோர் அண்டைத் தெருவிலேயே ஒண்டினர். நெருக்கம் இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. இதனை எடுத்துரைக்க அத்தொழிலாளருக்கு மாநகராட்சியில் வாக்கில்லை, டிரஸ்டில் ஆளில்லை. நம் வீதிகளின் அகலத்தைப் புகழும்போது இதனை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

வடக்கே வயலும் உவர்நிலமுமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகள் அமைப்பதும் டிரஸ்டின் திட்டமே. 1900ஆம் ஆண்டளவில் நிலம் எடுக்கத் தொடங்கினர். ஆயின் வீடுகள் பெருகியது 1920களிலும் 1930களிலுமே! டிராம் வராத இடத்தில் யார் குடியேறுவார்? குடியேறாத இடத்துக்கு டிராம் கம்பெனி ஏன் தண்டவாளம் போடும்? சாக்கடைக்கும் இதே கேள்விதான். ஒருவர் மற்றவரைப் பார்த்துக் காத்திருந்ததில் ஒரு தலைமுறை கழிந்தது. இடையில் முதல் உலகப் போரும் வந்து நின்றது.

இத்தாமதத்திலும் ஒரு நன்மை விளைந்தது. டிரஸ்டார் தம் விதிகளைச் செம்மை செய்துகொண்டனர். அவற்றுள் ஒன்று வெளிச்சக் கோட்டு விதி. எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து நம் அறைச் சுவரின் அடிக்கு இழுக்கும் கோடு தரையோடு 63½ பாகைக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். எளிய கணக்கிற் சொன்னால், எதிர்ச்சுவர் 40 அடி உயரமாயின் நடுவில் 20 அடி வெளி வேண்டும். நம் பழைய கட்டடங்களில் நண்பகலில் விளக்கின்றிப் பத்திரிகை படிக்க முடிவது இவ்வகை விதிகளின் பயன்.

அவ்வீடுகளுக்குக் குடிவந்தோருள் தென்னாட்டுக் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் தட்டெழுத்தர்களும் மிகப் பலர். கழிப்பறை வீட்டுக்குள்ளேயா என்று முகஞ்சுளித்த பாட்டிமார் கதை நம் குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. வாடகைக்கு வந்த இவர்களுக்கு மற்றொன்றும் கிடைத்தது. 1922ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாதம் 10 ரூபாய் வாடகை கொடுப்போரும் மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாயினர். அதுவரை வீட்டுக்காரர் குரலே ஒலித்த மன்றத்தில் குடித்தனக்காரரின் குறையும் கேட்கத் தொடங்கிற்று. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது 1948 தேர்தலில்தான். பிளேக் காலத்தில் வீடிழந்தவர்களுள் அதுவரை உயிரோடிருந்தவர் எத்தனை பேரோ!

இரட்டை ஆட்சி நீடிக்கவில்லை. 1920இல் அரசு அபிவிருத்தி இலாகா என்று மூன்றாவதாக ஒன்றையும் தோற்றுவித்து, 50,000 ஓரறைக் குடியிருப்புகள் கட்டுவோமென்று அறிவித்துச் சுமார் 16,000 மட்டும் கட்டியது. வொர்லியிலும் நாய்காமிலும் எழுந்த பி.டி.டி. சால்கள் அவையே. அதன் கடல் தூர்ப்பு வேலையில் நடந்த விரயத்தை வீர நாரிமன் வெளிப்படுத்தியது தனி வரலாறு. டிரஸ்டை மாநகராட்சிக்கு மாற்ற 1925இல் சட்டம் வந்தது. 1933இல் டிரஸ்ட் முற்றிலும் அதனோடு இணைந்தது. அதுமுதல் நம் வீதிக்கும் நீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பாளர் ஒருவரே. ஏரிகள் ஏழாயின, நகர எல்லை 1950இலும் 1957இலும் வடக்கே விரிந்தது. எல்லைக்கு அப்பாலும் ஊர் வளரவே, பல நகராட்சிகளின் திட்டங்களை இணைத்துப் பார்க்க 1975இல் வட்டார வளர்ச்சி ஆணையம் ஒன்றை அமைக்க நேர்ந்தது.

ஆயினும் ஓரிடத்தில் இரட்டைப் பொறுப்பு எஞ்சி நிற்கிறது. அது நம்மவர் வேலை பார்க்கும் ரயில்வேயைத் தொட்டது. நம் பகுதி மேற்கே பிரதான இருப்புப் பாதைக்கும் கிழக்கே துறைமுகப் பாதைக்கும் நடுவில் தாழ்ந்து கிடப்பது. மழைநீர் கடலை அடைய இருப்புப் பாதையின் அடியிற் செல்லும் மதகுகளைத் தாண்டியாக வேண்டும். மதகு ரயில்வேயுடையது, அதன் இரு புறத்துக் கால்வாயும் மாநகராட்சியுடையது. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, கிங்ஸ் சர்க்கிளில் நின்ற நீர் யார் கால்வாயில் தேங்கிய நீர் என்று எவரும் பிரித்தறிய முடியவில்லை. மாடிப்படியில் அமர்ந்து விடியலுக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது வேண்டவும் இல்லை. இப்போது பருவமழைக்கு முன்னர் இரு நிர்வாகத்துப் பொறியாளர்களும் அம்மதகுகளைச் சேர்ந்து பார்வையிடுகின்றனர். தூர் வாரும் வேலை மட்டும் பாதைக்கு அடியில் ஒருவரும் பாதைக்கு வெளியே மற்றவருமாகவே நடந்து வருகிறது.