ஆறடி அகலம்: காட்டு வாசலில் ஒரு பாலம்

நிவித்திகலயிலிருந்து கலவானைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து வெத்தாகல தாண்டிப் போனால் குடாவ. சிங்கராஜ வனத்தின் வடமேற்கு வாசல் அது. டிக்கெட் எடுத்து உள்ளே நடந்தீங்கன்னா பாதை நல்ல அகலமா இருக்கும். மழைக்காட்டுக்குள் ஒத்தையடிப் பாதை போதுமே, எதுக்கு இவ்வளவு அகலம் என்று கேட்டுப் பார்த்திருக்கீங்களா? அது நடக்கிறவங்களுக்காகப் போட்ட பாதை கிடையாது. 1970களின் தொடக்கத்தில் மரம் ஏற்றும் லொறிகளுக்காக வெட்டிய பாதை.

காட்டு வாசலில் ஒரு நடைபாலம் வடிவமைக்கணும்னு யாராவது உட்கார்ந்தால், நீளத்தை ஆறே சொல்லிவிடும். அகலத்தை மனுஷன்தான் முடிவு பண்ணணும். இந்த நாட்டுப் பாலங்களின் வரலாற்றை அகலத்தை வைத்துப் படித்தால் சுவாரசியமா இருக்கு.

ரொம்பப் பின்னால் போவோம். 13ஆம் நூற்றாண்டு, தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆட்சி. சிவனொளிபாத மலைக்குப் போகும் வழி மோசமா இருக்குன்னு தேவப்பதிராஜ என்ற அமைச்சர் அனுப்பப்படுகிறார். உலப்பனை, அம்பகமுவ பக்கமெல்லாம் முப்பது முழத்துக்குக் குறையாத பாலங்களை அவர் கட்டியதாகச் சூளவம்சம் சொல்கிறது. யானையும் குதிரையும் மாடும் போகக்கூடிய உறுதியான பாலங்கள். அரசன் வருவான் இல்லையா, அதற்கான பலம். அந்த மலையைச் சுற்றிய காடு 1940இல் சரணாலயமானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அப்படிப் பார்த்தால் காட்டு வாசலில் பாலம் கட்டியவர்கள் என்று நமக்குப் பெயர் தெரிந்தவர்களில் தேவப்பதிராஜ ரொம்பப் பழைய ஆள்.

அடுத்தது போகொட. பதுளை மாவட்டத்தில் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் இருக்கிற மரப்பாலம், 16ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நீளம் சுமார் 50 அடி, அகலம் சுமார் 6 அடி. மேலே ஓட்டுக்கூரை. கூரை அழகுக்காக மட்டும் போட்டதில்லை: மரம் நனைந்து காய்ந்து நனைந்துதான் உளுக்கும், கூரை இருந்தால் பலகை பிழைக்கும். பதுளையிலிருந்து கண்டிக்குப் போன நடைபாதையில் கட்டியது. கால்நடையாகப் போகிறவனும் தலைச்சுமைக்காரனும் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகலாம். மழை பெய்தால் நிற்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பாலம் இதுதான்.

1833இல் வெள்ளைக்காரன் பேராதனையில் கட்டியது வேறு மாதிரி. பூங்காவுக்குப் பக்கத்திலேயே, மகாவலிக்கு மேலே, முழுக்க முதிரை மரத்தில் ஒரே வளைவு. 205 அடி. ஆற்றுக்கு நடுவில் ஒரு தூண் கூட இல்லை, வெள்ளத்தில் அடித்து வரும் மரங்கள் மோத இடமில்லை. 1905இல்தான் அதை மாற்றினார்கள். பொறியியலாகப் பார்த்தால் கைதட்ட வேண்டிய வேலை. ஆனால் அது வண்டிக்கான பாலம். அந்தப் பாதையில்தான் கோப்பி இறங்கியது. கோப்பிக்காகக் காடு அழிந்தது. அந்தக் காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் நம்ம ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். பாலத்தை அகலமாக்கினால் என்னென்ன வரும் என்பதற்கு நம்ம குடும்ப வரலாறே போதும்.

சிங்கராஜவுக்கு வருவோம். 1875இல் அரசாங்கக் காடாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைகளைப் பாருங்க: வடக்கே நாபொல தொலவும் கொஸ்குலன கங்கையும், தெற்கே மகா தொலவும் கிங் கங்கையும். கிழக்கே? பெவர்லி தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் போகும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை. உலகப் பாரம்பரியக் காட்டின் ஒரு எல்லையைச் சொல்ல, தோட்டத்துப் பக்கத்துப் பாதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கு!

தண்ணீரே இந்தக் காட்டுக்கு வேலியா இருந்தது. பாதை வந்ததும் வேலி போச்சு. கொஸ்கமவில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக 1970களில் சில வருஷம் மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து, ஆட்சியும் மாறி, அந்த வேலை நின்றது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் உலகப் பாரம்பரியம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "காட்டுக்குப் பாலமே வேண்டாம்"னு முடிக்க எனக்கு மனசு வரல. 2020இல் லங்காகம பாதையை அகலமாக்கியபோது கொழும்பில் பெரிய சத்தம். நியாயமான சத்தம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்ட ஊர்க்காரங்க குரலும் அதே அளவு நியாயம். லயத்தில் வளர்ந்த நமக்கு இது புதுசா? மே மாசம் மழை இறங்கினால் தொலையைக் கடந்து பள்ளிக்கூடம் போவது எப்படின்னு யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் கணக்கைப் பார்ப்போம். ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர், அதாவது நாலேகால் அடி. மரம் ஏற்றும் லொறி இரண்டு மீட்டருக்கு மேல். போகொட பாலத்தின் ஆறடி என்பது 1.8 மீட்டர். நோயாளியோட ஆட்டோ போகும், லொறி போகாது. பாரமும் சிக்கலில்லை. நடைபாலத்தில் ஜனம் நெருக்கி நின்றால் தாங்கணும்னு சதுர மீட்டருக்கு சுமார் 400 கிலோ கணக்கு வைப்பார்கள். ஆட்டோ நிற்கிற இடம் மூன்றரை சதுர மீட்டர் என்றால் 1,400 கிலோ தாங்கும். ஆட்கள் ஏறிய ஆட்டோ அதில் பாதிதான். சக்கரம் படுகிற இடத்துப் பலகையை மட்டும் தடிப்பாகப் போட்டால் சரி.

தொங்குபாலமா போட்டால் ஆட்டத்தையும் யோசிக்கணும். 2000ஆம் ஆண்டு ஜூனில் லண்டனில் திறந்த மிலேனியம் நடைபாலம், ஜனம் நடந்த நடையில் பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடப்பட்டது. திரும்பத் திறந்தது 2002இல். அவ்வளவு பணம் இருந்த ஊரிலேயே இந்தக் கதி. மறுபக்கம், நேபாள மலைக்கிராமங்களில் ஊர்க்காரங்களே கம்பி இழுத்து, கல் சுமந்து ஆயிரக்கணக்கான தொங்குபாலங்கள் கட்டியிருக்காங்க.

இரத்தினபுரிக்கு இன்னும் ஒரு கணக்கு உண்டு. 2003 மே, 2017 மே இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எங்கே வரை ஏறியதுன்னு ஆற்றங்கரை வீடுகளில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். பலகை மட்டம் அதுக்கும் மேலே இருக்கணும். கம்பியைக் கட்டுகிற இடம் ஈரமண்ணில் இல்லாமல் பாறையில் இருக்கணும், மண்சரிவு முதலில் பிடுங்குவது அதைத்தான். கைப்பிடி இரண்டு உயரத்தில் வேணும்: ஒண்ணு பெரியவங்களுக்கு, கீழே ஒண்ணு முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு.