உடைத்த தளம், தோண்டிய சுவர்: வெனிஸில் ஒரு தேசத்தின் கூடம்

1895-இல் தொடங்கிய வெனிஸ் பினாலே, நாடுகள் தத்தம் பெயரில் காட்சிக்கூடம் அமைத்துக்கொள்ளப் பின்னாளில் இடமளித்தது. 1907-இல் பெல்ஜியம் முதற்கூடத்தைக் கட்டியது. பிற நாடுகள் தொடர்ந்தன. கொடியின் கீழ் அணிவகுக்கும் வழக்கம் நவீனக் கலைக்குள் நிலைபெற்றது இவ்வாறுதான். அரசின் பணத்தில், அரசின் பெயரில் நடக்கும் கண்காட்சி அந்தத் தேசத்தையே கேள்விக்கு உட்படுத்த முடியுமா? இக்கேள்விக்கு ஜெர்மானியக் கூடத்தின் வரலாறு தரும் விடை எளிதானதன்று.

1909-இல் பவேரியாவின் கூடமாக எழுந்த அக்கட்டடம் 1912-இல் ஜெர்மனியின் கூடமாயிற்று. 1934-இல் ஹிட்லர் பினாலேக்கு வந்தார். 1938-இல் நாஜி அரசு, எர்ன்ஸ்ட் ஹைகர் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு கூடத்தை மாற்றியமைத்தது. நெடிதுயர்ந்த சதுரத் தூண்களும், நுழைபவரைச் சிறுத்துப்போகச் செய்யும் உயரமும் அப்போது வந்தவை. போருக்குப் பின் ஸ்வஸ்திகா அகன்றது; கட்டடம் நின்றது. இடித்துவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுந்து அடங்கியது.

இரு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்த பின்னர் நடந்த முதல் பினாலே 1993-ஆம் ஆண்டினது. ஒன்றுபட்ட தேசம் தன் முகத்தை உலகுக்குக் காட்டும் தருணம். பொறுப்பாளர் கிளாவுஸ் புஸ்மன் இரு கலைஞர்களைத் தேர்ந்தார். ஒருவர் கொலோனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஹான்ஸ் ஹாக்கே. மற்றவர் சியோலில் பிறந்த நாம் ஜுன் பைக். தேசத்தின் பெயரால் பேசுபவர் யார் என்ற வினா இத்தேர்விலேயே தொடங்கிவிட்டது.

ஹாக்கே கூடத்தின் தளக்கற்களைப் பெயர்த்து உடைத்தார். பார்வையாளர் அச்சிதிலங்களின் மேல் தடுமாறி நடந்தனர். கற்கள் புரளும் ஓசை கூடமெங்கும் எதிரொலித்தது. சுவரில் ‘கெர்மானியா’ என்ற ஒற்றைச் சொல். நுழைவாயிலில் ஹிட்லர் வருகையின் புகைப்படம். அதற்கு மேலே, முன்பு நாஜிக் கழுகு இருந்த இடத்தில், 1990-ஆம் ஆண்டு பொறித்த ஒரு மார்க் நாணயத்தின் பேருருவம்.

அவ்வாண்டு சிறந்த தேசியக் கூடத்துக்கான தங்கச் சிங்க விருது ஜெர்மனிக்கே கிடைத்தது. முரண் இங்குதான் உள்ளது. தன்னைத் தானே உடைத்துக்கொண்ட தேசம் அதற்காகவே மெச்சப்பட்டது. தற்சோதனையும் ஒரு தேசியப் பெருமிதமாக மாறக்கூடும் என்ற ஐயம் நியாயமானதே.

பின்வந்த தொகுப்பாளர்கள் வேறு வழிகளை நாடினர். 2013-இல் ஜெர்மனியும் பிரான்சும் கூடங்களை மாற்றிக்கொண்டன. ஜெர்மனியின் சார்பில் சுசான்னே கேன்ஸ்ஹைமர் தேர்ந்த நால்வர்: சீனாவின் ஐ வெய்வெய், ஜெர்மனியில் வாழும் திரைப்பட இயக்குநர் ரோமுவால்ட் கர்மாகர், தென்னாப்பிரிக்காவின் சாந்து மொஃபோகெங், இந்தியாவின் தயானிதா சிங். பிறப்பும் கடவுச்சீட்டும் கலையின் முகவரி ஆகா என்பது இத்தேர்வின் உட்பொருள். ஆயினும் இரு நாடுகளின் 1963-ஆம் ஆண்டு நட்புடன்படிக்கையின் பொன்விழாவையொட்டி அமைந்த அப்பரிமாற்றத்தில் அரசதந்திர மணமும் கலந்திருந்தது.

2022-இல் யில்மாஸ் சிவியோர் தொகுத்த காட்சியில் மரியா ஐக்ஹார்ன் எந்தப் பொருளையும் கொண்டுவந்து வைக்கவில்லை. தளத்தைத் தோண்டி அடித்தளத்தை வெளிக்காட்டினார். பூச்சை அகற்றி, 1909-இன் சுவரும் 1938-இன் சுவரும் சேரும் தடத்தைத் தெரியவைத்தார். கூடத்துக்கு வெளியே, வெனிஸ் நகரில் பாசிசத்தை எதிர்த்தோரின் நினைவிடங்களுக்குப் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் உலாக்களும் இக்காட்சியின் பகுதியாயின.

உடைத்தல், மாற்றிக்கொள்ளல், தோண்டுதல் என்னும் இம்மூன்றில் முதலாவதே இன்றும் நம்மைத் தைக்கிறது என்பது என் துணிபு. இறந்துபோன ஆட்சியைச் சாடுவது வாழும் அரசுக்கு வலிப்பதில்லை. சில வேளை அதற்கு அணிகலனாகவும் அமையும். ஹாக்கே ஹிட்லரின் படத்தோடு நின்றிருந்தால் அந்த விருது வெறும் பாவமன்னிப்பாக முடிந்திருக்கும். படத்துக்கு மேலே அவர் பதித்த நாணயம், அன்று புழக்கத்தில் இருந்த நாணயம். பழைய கழுகு இருந்த இடத்தில் இன்று எது அமர்ந்திருக்கிறது என்று அது வினவியது.

தேசத்தைக் கேள்வி கேட்பதாகச் சொல்லும் எந்தக் கண்காட்சியிலும், அது எந்த நாட்டுடையதாயினும், நாம் முதலில் தேட வேண்டியது அந்த நாணயத்தைத்தான்.