தாமரையும் தீர்த்த யாத்திரையும்: பின்னம் கற்பித்த கணக்குகளின் வரலாறு

தசரா, தீபாவளி விடுமுறைகளையொட்டிப் பள்ளிகள் வழங்கும் கணிதப் பயிற்சித்தாள்களில் அகல்விளக்குகளும் இனிப்புப் பெட்டிகளும் தவறாது இடம்பெறுகின்றன. பன்னிரண்டு விளக்குகளில் 1/3 பங்கு அணைந்துவிட்டால் எஞ்சி எரிபவை எத்தனை என்று அவை வினவுகின்றன. பண்டிகையையும் பின்னத்தையும் இவ்வாறு இணைப்பது அண்மைக்காலக் கல்விமுறையின் கண்டுபிடிப்பு என்று கருதப்படுவதுண்டு. இந்தியக் கணித நூல்களில் இவ்விணைப்புக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், தமது ‘கணிதசார சங்கிரகம்’ நூலில் பின்னங்களுக்கு விரிவான இடம் தந்தார். வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் விதியை அவர் ‘நிருத்தம்’ என்ற பெயரில் வகுத்தார். அந்நூலின் பின்னக் கணக்குகளில் சினாலய வழிபாட்டுக்குரிய மலர்கள் பங்கிடப்படுகின்றன. கன்னட நாட்டில் தோன்றிய இந்நூலை எம். இரங்காச்சாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியே வெளிக்கொணர்ந்தார்.

இம்மரபின் புகழ்பெற்ற நூல், 1114இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘லீலாவதி’. அதில் ஒரு தாமரைக் கணக்கு உள்ளது. ஒரு மலர்க்குவியலில் 1/3 பங்கு சிவனுக்கும், 1/5 பங்கு திருமாலுக்கும், 1/6 பங்கு சூரியனுக்கும், 1/4 பங்கு தேவிக்கும் படைக்கப்படுகின்றன. எஞ்சிய ஆறு மலர்கள் குருவின் திருவடிக்கு உரியவை. மொத்த மலர்கள் எத்தனை? இதற்குப் பாஸ்கரர் கையாளும் வழி ‘இஷ்டகர்மம்’. மாணவர் தாம் விரும்பிய ஓர் எண்ணைக் கொள்ளலாம். 60 என்று கொண்டால் 20, 12, 10, 15 கழிந்து 3 எஞ்சும். எஞ்ச வேண்டியது 6. ஆகவே மொத்தம் 120.

அதே பகுதியில் ஒரு யாத்திரிகர் கணக்கும் வருகிறது. அவர் தம் கைப்பொருளில் பாதியைப் பிரயாகையில் ஈகிறார். எஞ்சியதில் 2/9 பங்கைக் காசியில் செலவிடுகிறார். மீண்டும் எஞ்சியதில் கால் பங்கு வழிச்சுங்கமாகப் போகிறது. அதன்பின் எஞ்சியதில் 6/10 பங்கு கயையில் செலவாகிறது. 63 நிஷ்கங்களுடன் அவர் வீடு திரும்புகிறார். அவர் எடுத்துச் சென்றது 540 நிஷ்கம்.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் அவற்றின் கற்பித்தல் நுட்பம் விளங்கும். ‘முழுமையில் ஒரு பங்கு’, ‘எஞ்சியதில் ஒரு பங்கு’ ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பின்னம் பயில்வோரிடம் காணப்படும் பிழை. யாத்திரிகர் கணக்கில் எல்லாப் பங்குகளையும் முழுமையின் பங்குகளாகக் கொண்டால் அவற்றின் கூட்டுத்தொகை 283/180 ஆகிவிடும். அதாவது தம்மிடம் இருந்ததைவிட அதிகமாக அவர் செலவிட்டிருப்பார். தாமரைக் கணக்கில் பங்குகளை எஞ்சியவற்றின் பங்குகளாகக் கொண்டால் மொத்தம் 18 எனக் கிடைக்கும். ஆனால் சிவனுக்கு ஆறு மலர் போக, திருமாலுக்கு இரண்டரை மலர்கூட முழுதாகக் கிட்டாது, 2 2/5 மலரே மிஞ்சும். மலரைக் கிள்ளிப் படைக்கும் வழக்கம் இல்லை என்பதைச் சிறுவரும் அறிவர். தவறான விடையைத் தவறு என்று காட்ட ஆசிரியர் குறுக்கிட வேண்டியதில்லை. வழிபாட்டின் ஒழுங்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

யாத்திரிகர் செலுத்திய சுங்கமோ 52½ நிஷ்கம். மலருக்கு ஒவ்வாத அரை, நாணயத்துக்கு ஒவ்வும். நூலின் தொடக்கத்திலேயே 16 திரம்மம் ஒரு நிஷ்கம் என்று வாய்பாடு தரப்பட்டிருப்பதால், அந்த அரை நிஷ்கம் எட்டுத் திரம்மங்களாக எளிதில் மாறிவிடுகிறது.

இக்கணக்குகள் எல்லாச் சிறுவர்க்கும் எட்டின என்று கொள்வதற்கில்லை. மகாராட்டிரத்தின் சாலிஸ்காவ் அருகே பாட்டணத்திலுள்ள 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாஸ்கரரின் பேரர் சாங்கதேவர் அவருடைய நூல்களைப் பயிற்றுவிக்க மடம் நிறுவியதையும், அதற்கு நிவந்தம் வழங்கப்பட்டதையும் கூறுகிறது. அது வடமொழி கற்றோரின் உலகம். கடைக்கணக்கும் நிலக்கணக்கும் கற்ற பிள்ளைகளுக்குப் பின்னம் வேறு வழியில் வந்தது. மராத்தியப் பள்ளிகளில் கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றுக்குப் பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி, அடீச்கி எனத் தனித்தனி வாய்பாடுகள் மனனம் செய்விக்கப்பட்டன. தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, 1/320 ஆகிய முந்திரி வரை இறங்கியது. வங்கத்தில் சுபங்கரரின் பெயரால் வழங்கிய கணக்குச் செய்யுள்கள் இப்பணியைச் செய்தன. ஒருபுறம் கதையும் ஆராய்ச்சியும், மறுபுறம் மனனமும் வேகமும். இரண்டையும் ஒருங்கே பெற்றோர் சிலராகவே இருந்திருக்க வேண்டும். பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே நிறுத்தப்பட்டனர்.

1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு மறைந்து 100 நயா பைசா வந்ததும், மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் பரவியதும் பின்ன வாய்பாடுகளின் அன்றாடத் தேவையைக் குறைத்தன. கணக்கு எளிதாயிற்று, ஆனால் பின்னத்தை நாள்தோறும் கையாண்ட வாய்ப்பும் அதனோடு அகன்றது. பின்னம் பாடநூலுக்குள் ஒதுங்கிய இக்காலத்தில், அதை வாழ்க்கையோடு மீண்டும் இணைக்கும் பொறுப்பு விடுமுறைப் பயிற்சித்தாள்களின் மீது விழுந்திருக்கிறது.

அப்பொறுப்பை அவை நிறைவேற்றுகின்றனவா என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். பயிற்சித்தாளில் விளக்கை நீக்கிவிட்டுப் பென்சிலை வைத்தாலும் கணக்கு மாறாதிருந்தால், அங்கே பண்டிகை வெறும் படமே. தாமரைக் கணக்கில் மலரின் இடத்தில் நாணயத்தை வைத்தால், தவறைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒழுங்கே மறைந்துவிடும். படையலிலும் பயணத்திலும் பங்கீடு இயல்பாகவே உண்டு. அந்தப் பங்கீட்டிலிருந்து கணக்கு பிறக்கும்போது விடையின் சரிதவறைப் பிள்ளை தானே அறியும்.